இவருக்காகவா, எங்களுக்காகவா?

மாதா கோயிலில் உபதேசியார் வேலை என்பது, சாமியார் வருவதற்கு முன்னால் போய்த் திட்டு வாங்குவதும், அவர் போன பிறகு மிச்சமிருக்கிற திட்டையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதும்தான்.

பூசை வைப்பது அவர். பாவமன்னிப்புக் கொடுப்பது அவர். ஆனால் சாகக் கிடக்கிறவன் வீட்டில் முழங்கால் போட்டு, தொண்டை வறள வறள செபம் சொல்லி, வந்த கூட்டத்தைப் பதில் சொல்ல வைக்கிற கூத்தெல்லாம் என் தலையில். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த வேலைக்கு வந்தேன். அதற்கு முன்னால் புதுச்சேரி மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை என்பதால் சாமியார் என்னைப் பிடித்துப் போட்டார். பக்திக்காக இல்லை, அதை நான் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

உங்களை யாராவது எப்போதாவது வழியில் நிறுத்தி, "எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் நீங்களும் என் கட்சிதான். நல்லவர்கள் அப்படிக் கேட்கவே மாட்டார்கள், கவனித்திருப்பீர்கள். அவர்கள் தாங்களே வேண்டிக்கொள்வார்கள். நம்மிடம் வந்து சேர்கிறது எல்லாம் வேறு ரகம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. அர்ச்சிஷ்டவர்கள் பிரார்த்தனை என்று ஒன்று உண்டு. மோட்சத்தில் இருக்கிறவர்கள் பெயரை நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். சாகக் கிடக்கிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்லும்போது மட்டும் அந்தப் பதில் மாறும். "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்தின பாடு கொஞ்சநஞ்சமில்லை.

நல்ல மரணம்

பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விசுவாசிகள் மன்றாட்டு நேரத்தில் கோயிலில் இருக்கிற யாரும் எழுந்து சத்தமாக வேண்டலாம் என்று எங்கள் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவித்துத் தொலைத்தார். மேரியம்மாள் என்று ஒரு அம்மாள், தெருவில் அவளுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. எழுந்து நின்றாள். "என் மருமவளுக்கு ஆண்டவர் நல்ல புத்தி குடுக்கணும்னு மன்றாடுகிறேன்" என்றாள். பழக்க தோஷம், கோயில் முழுக்க "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லிவிட்டது.

பின்னாலேயே மருமகள் ரோசி எழுந்தாள். தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, ரொம்பப் பவ்யமாக, "எங்க மாமியாருக்கு ஆண்டவர் நல்ல மரணம் குடுக்கணும்" என்றாள். அதற்கும் கோயில் முழுக்கப் பதில் சொல்லிவிட்டது, கொஞ்சம் சத்தமாகவே. பூசை முடிந்ததும் மேரியம்மாள் என் சட்டையைப் பிடிக்காத குறை. நான் ரோசியைக் கூப்பிட்டு, இதெல்லாம் என்னம்மா என்று கேட்டேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நல்ல மரணம் கேக்கறது பாவமா ஒபதேசியாரே? நீங்கதானே தெனமும் செபத்துல கேக்கச் சொல்லிக் குடுத்தீங்க?"

மேஸ்திரிக்கு ஒரு வார்த்தை

சிரித்தது போதும். அதற்கப்புறம் எனக்குச் சிரிக்கிற மாதிரி அதிகம் கிடைக்கவில்லை.

மில்லில் எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் படுத்த படுக்கையாகி, வயிறு வீங்கி, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தார். அவர் பெண்சாதி ஆள் அனுப்பினாள். நான் போனேன். பழைய தறிக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பிரியத்தினால் இல்லை, ஒரே கோயில், ஒரே தெரு, வராமல் இருந்தால் நன்றாயிருக்காது என்பதனால். நான் பிரார்த்தனையைத் தொடங்கினேன். "அர்ச்சிஷ்ட சூசையப்பரே" என்றேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். சரி, வாய்ப் பழக்கம் என்று நினைத்து, இவருக்காக, இவருக்காக என்று கையால் கட்டிலைக் காட்டினேன். அடுத்த பெயருக்கும் "எங்களுக்காக" என்றார்கள். அதற்கடுத்ததற்கும் அதேதான். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுத்தமாகச் சொன்னார்கள். கட்டிலில் கிடந்த மனுஷனுக்குக் காது நன்றாகக் கேட்டது, அதுதான் கொடுமை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கிறதற்குக்கூட அவர் பெண்சாதிக்குக் கை எழவில்லை.

வெளியே வந்ததும் சின்னப்பனைப் பிடித்தேன். எனக்குப் பக்கத்துத் தறியில் நின்றவர், என்னைவிட மூத்தவர். ஒரு வார்த்தைதானே அண்ணே, சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் பீடியைப் பற்ற வைக்கவில்லை, கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "மேனேஜர்கிட்ட எங்களுக்காக ஒரு வார்த்தை இந்த மனுசன் பேசனது கெடையாது. இவருக்காக நாங்க மாதாகிட்ட பேசணுமா? நீயே சொல்லு."



வேறு கோயில்

வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவாள். இந்துதான். கிறிஸ்தவத் தெருவில் வெள்ளிக்கிழமை மீன் நன்றாக விற்கும் என்பதைத் தவிர எங்கள் வேதத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலையில் கூடையைக் கோயில் மதிலோரம் வைத்துவிட்டு, உள்ளே மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கூடையைச் சுற்றி நாலு பூனை. அதை விரட்டச் சொல்லத்தான் நான் உள்ளே போனேன்.

என்னைப் பார்த்ததும், "அண்ணே, எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, நீங்க கேட்டுக் குடுங்க" என்றாள். யாருக்கு என்றேன். மகனுக்காம். கடலில் வலை போடுகிற இடத்துக்காகத் தகராறு, துடுப்பால் ஒருத்தனை அடித்துவிட்டான், அடிபட்டவன் செத்துப்போனான். மகன் ஜெயிலில் இருக்கிறான். செத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன் மகன். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.  ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? உங்கள் ஊரில் அவ்வளவு பெரிய அம்மன் கோயில் இருக்கே, அங்கே கேட்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அங்க எங்க அண்ணி நிக்கறா அண்ணே. செத்தவன பெத்தவ. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு கேட்டா அம்மன் யாரு பக்கம் பாப்பா? அவளுக்கு எடஞ்சலா இருக்க வேணாம்னுதான் இங்க வந்தேன்."

எங்க செலின்

இனிமேல் சொல்லப்போவது என் சொந்தக் கதை. மற்ற வீடுகளில் உபதேசியாராக இருப்பது சுலபம் என்று எனக்கு இதில்தான் தெரிந்தது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவனை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். என் அக்கா பிலோமினாவைக் கட்டினவர் ஒரு சொல்தா. முறைப்படி நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். வராது. ஊர் சொல்கிற மாதிரி சொல்தா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். மகன் அந்துவான் அப்போதுதான் நடை பழகியிருந்தான். அக்கா வயிற்றில் இன்னொன்று. அந்த நேரத்தில், போய் இடம் பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறேன் என்று பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். கூப்பிடவில்லை. அங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டார் என்று லீவில் வந்த இன்னொரு சொல்தா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வயிற்றில் இருந்ததுதான் செலின். அக்கா பகலெல்லாம் வீடு வீடாகத் துணி தைக்கப் போய்விடுவாள். அந்துவான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவான். பெண் குழந்தை தனியாக இருக்கிறதே என்று, யார் தட்டினாலும் கதவைத் திறக்காதே என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். அது தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு "எவரு?" என்று கேட்கும். நான்தான் என்றால் திறக்காது. மாமா வந்திருக்கேன் என்றாலும் திறக்காது, மாமா என்று எவன் வேண்டுமானாலும் சொல்லலாமாம். "எங்க செலின் இருக்குதா வீட்டுல?" என்று கேட்க வேண்டும். 'எங்க' என்று காதில் விழுந்தால்தான் கதவு திறக்கும். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கும்தான்.

மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை, பத்தியம் எல்லாம் பார்த்து, கடைசியில் நான்தான் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த லீவுக்கார சொல்தா மூலமாக அப்பனுக்குச் சேதி சொல்லி அனுப்பினோம். சேதி போய்ச் சேர்ந்தது என்று தெரியும். ஒரு பதிலும் வரவில்லை. உயிர் போவதற்கு முந்தின ராத்திரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பூத்த கண்ணால் அந்தக் குழந்தை என்னைப் பார்த்துக் கேட்டதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். "அவரு வந்தா எனக்கு அடையாளம் தெரியுமா மாமா?"

வாசலில் வந்து நின்றவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், அக்கா வீட்டு வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. டிரைவரும் இன்னொரு ஆளும் சேர்ந்து சொல்தாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வலது கையும் காலும் விளங்கவில்லை, வாய் கோணியிருந்தது. பக்கத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. அங்கே இருந்த குடும்பம் இனி வேண்டாம் என்று விமானம் ஏற்றிவிட்டது. நல்லா இருந்த வயசு முழுக்க அவர்களுக்கு, சக்கை மட்டும் நமக்கு. அப்படித்தான் நான் சொன்னேன், அவர் காதில் விழும்படியாகவே சொன்னேன்.

அந்துவான் அப்போது மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பாவை அவன் ஒரு நாளும் அப்பா என்று சொன்னது கிடையாது. "அந்தாளு" என்பான். அந்தாளு சாப்பிட்டுச்சா, அந்தாளு இருமுது, அவ்வளவுதான். அம்மாவுக்காக வீட்டை விட்டுப் போகாமல் இருந்தான். ஆனால் அவர் கிடந்த அறைக்குள் கால் வைக்க மாட்டான்.

அக்கா அவரைக் குளிப்பாட்டினாள். பீ மூத்திரம் அள்ளினாள். கஞ்சி ஊட்டினாள், பாதி வாயில் போகும், பாதி வழியும், துடைத்து விட்டு மறுபடி ஊட்டுவாள். எனக்குப் பற்றி எரிந்தது. உனக்கு மானம் இல்லையா, செலினை மறந்துட்டியா என்று கத்தினேன். அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "தட்டின ஆள வாசல்லயா நிக்க வெக்கறது, தம்பி?"

சிபாரிசு

சாமியாரிடம் போனேன். அவர் வெள்ளைக்காரர், கிழவர், வந்து எத்தனையோ காலமாகியும் அச்சடித்த மாதிரித்தான் தமிழ் பேசுவார். ஸ்தோத்திரம் சாமி என்று கும்பிட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன். எங்கள் அக்கா வீட்டில் ஒரு மரண அவஸ்தை வரப்போகிறது, அந்த வீட்டுக்குச் செபம் சொல்ல வேறு கோயிலிலிருந்து வேறு உபதேசியாரை வரவழையுங்கள், நான் போக மாட்டேன் என்றேன். காரணம் எல்லாம் அவருக்குத் தெரியும். செலினை அடக்கம் பண்ணினவரே அவர்தான்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  அந்த ஆள் மனம் திரும்பினாரா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், சாமி, வாயே வரவில்லையே என்றேன். மனம் திரும்பாத ஆளுக்கு வேண்டி என்ன புண்ணியம், எந்த யோக்கியதையில் அவருக்காக நான் போய் நிற்க வேண்டும் என்று எகிறினேன். கோயிலுக்குள் நின்று அவ்வளவு சத்தம் போட்டதில்லை. கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். என் தோளில் கை வைக்கவெல்லாம் இல்லை, முதுகு வலி அவருக்கு. கதவுப் பக்கம் போய்க்கொண்டே, அந்த அச்சுத் தமிழில் சொன்னார்: "யோக்கியதை உள்ளவனுக்காகக் கேட்பது சிபாரிசு, உபதேசியார். அதற்கு நீங்கள் தேவையில்லை."

வுய்

சொல்தாவுக்கு வாய் வரவில்லை என்று சொன்னேனே, முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. வுய். ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் அதுதான். கஞ்சி வேணுமா என்றால் வுய். வேண்டாமா என்றாலும் வுய். வலிக்குதா என்றாலும் வுய்தான். அக்கா அதை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். செலின் என்று உங்களுக்கு ஒரு மகள் இருந்தது தெரியுமா என்றேன். வுய் என்றார். அவள் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்ததா? வுய். வந்தும் வராமல் இருந்தீங்களே, அது பாவம் என்று தெரியுதா? வுய். எனக்கு உள்ளே ஏதோ இளகுகிற மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கிறீர்களா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வுய் என்றார்.

அங்கேயே எழுந்து போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என் சனியன், எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. கண்ணைத் திறக்கச் சொல்லி, செய்ததெல்லாம் சரிதான் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்து, அதே குரலில், அதே மாதிரி சொன்னார்: "வுய்."

பிரார்த்தனை

மழைக்காலத்தில் அவருக்கு மறுபடி ஒரு முறை இழுத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம் என்றார். சாமியார் வந்து, சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். மத்தியானம், சோறு தின்கிற நேரம். தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தரும் வரவில்லை. சின்னப்பன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? மீன் விற்றுக்கொண்டு வந்த அஞ்சலை மட்டும், மழைக்கு ஒதுங்கினாளோ என்னவோ, கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். அந்துவான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றான்.

என் வேலை நான் செய்ய வேண்டும். முழங்கால் போட்டேன்.  ஊரில் இருக்கிற அத்தனை அயோக்கியனுக்கும் வேண்டினவன் நான். இந்த ஒரு அயோக்கியனுக்கு எனக்கு வாய் வரவில்லை.  கடைசியில் எப்படியோ தொடங்கினேன். "அர்ச்சிஷ்ட சூசையப்பரே" என்றேன். அக்கா, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி வீடு ஞாபகம் வந்துவிட்டது. ஆக, இவளுக்கும் உள்ளே அதுதான் இருக்கிறதா? அள்ளினதும் துடைத்ததும் ஊருக்காகத்தானா? எனக்கு அதில் ஒரு கேவலமான திருப்திகூட வந்தது என்று சொல்ல வேண்டும். "அர்ச்சிஷ்ட இராயப்பரே" என்றேன். மறுபடியும் "எங்களுக்காக" என்றாள். அஞ்சலைக்கு என்ன தெரியும், அவளும் அக்கா சொன்னதையே கேட்டு "எங்களுக்காக" என்று முணுமுணுத்தாள். நான் நிறுத்திவிட்டேன். இவருக்காக என்று சொல்லணும்க்கா, உனக்குத் தெரியாததா என்று கேட்டேன்.

அக்கா அவர் நெற்றியில் இருந்த கையை எடுக்கவில்லை. கதவு நிலையில் நின்ற அந்துவானைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"தெரியும் தம்பி. ஆனா அங்க மோட்சத்துல தாழ்ப்பாக்கிட்ட செலினு நிக்கும். அதுக்கு இவரு மூஞ்சி தெரியாது. இவருன்னு சொன்னா, எவருன்னு கேக்கும். எங்கன்னு சொன்னாதான் கதவத் தெறக்கும். நீ படி."

ரயில்வே கேட்

அவர் அன்றைக்குச் சாயந்திரமே போய்விட்டார். கடைசியாக வுய் என்று சொன்னாரா என்று கேட்காதீர்கள். சொல்லவில்லை. மனம் திரும்பினாரா, இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா பிடிவாதமாகப் பிரார்த்தனை முழுவதையும் அவள் வழியிலேயே முடித்தாள். நானும் திருத்தவில்லை. மிச்சப் பெயர்களை எப்படிப் படித்தேன் என்று ஞாபகம் இல்லை, மழைச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் பெட்டி தூக்க ஆள் இல்லை. தூக்குவதற்கு என்று நான் மூன்று பேரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். அதில் சின்னப்பனும் ஒருவர், வந்தார், ஏன் வந்தார் என்று சொல்லவில்லை. நாலாவது தோள் இல்லை. நான் குனியப் போனேன். உபதேசியார் முன்னால் செபம் சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று யாரோ தடுத்தார்கள். நாங்கள் முழித்துக்கொண்டு நிற்கையில் அந்துவான் வந்து, ஒன்றும் பேசாமல், காலியாக இருந்த மூலைக்குத் தோளைக் கொடுத்தான். பாசம் என்று நான் நினைக்கவில்லை. அம்மா முன்னால் பெட்டி தரையிலேயே கிடக்கிறதே என்று தாங்க முடியாமல்தான் இருக்கும்.

கல்லறைக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊருக்கு வருவதே அத்தி பூத்த மாதிரி ஒரு ரயில், அதுவும் அன்றைக்குத்தான் வர வேண்டும். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சேற்றில் நின்றோம். செலினைக் கொண்டுபோனதும் இந்த வழிதான். அன்றைக்குக் கேட் திறந்திருந்தது.  திரும்பி நின்றுகொண்டேன்.

தவளக்குப்பம் பக்கம் போகிற ஆள் போல, சைக்கிளில் வந்த ஒருத்தர் எங்களுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றார். பெட்டியைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கேட் திறக்கிற மாதிரி இல்லை. சும்மா நிற்க முடியாமல், மரியாதைக்கு, அந்துவானைப் பார்த்து யாருப்பா தவறினது என்று கேட்டார்.

 அந்தாளு என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம். அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். ஊரில் எல்லாரும் தினம் சொல்கிற வார்த்தைதான். அவன் வாயிலிருந்து நான் அதைக் கேட்டதில்லை.

"எங்க அப்பா."

ஊரில் உள்ள அயோக்கியர்களுக்கெல்லாம் வேண்டித் தேய்ந்த இந்தத் தொண்டை கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எங்களுக்காக என்று சொல்லும்போது, அந்தக் கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.